கலவன் வீடு

நத்தக்குளம் அரசு விதைப் பண்ணையில் நின்ற நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் பதிவேட்டில் பயிர் என்றே இருந்தன. பண்ணை நிலத்தில் நிற்பது எதுவானாலும் அது பயிர்தான். அங்கே வருடக்கணக்காகக் குடியிருக்கும் ஜனங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் போகத்துக்கு ஒருமுறை வந்து, ‘வீடு, மானாவாரி, நோய் தாக்குதல் இல்லை’ என்று எழுதிக்கொண்டு, யாராவது மோர் கொடுத்தால் குடித்துவிட்டுப் போவார்.

இந்த வருடம் தை பிறந்ததும் அரசாணை வந்தது. பண்ணையின் பதினோரு ஏக்கரை வேளாண்மைத் துறை வருவாய்த் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். வருவாய்த் துறை அதைக் குடியிருப்பவர்களுக்கே பட்டா போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான். நிற்கிற பயிர் பூத்துக் காய்த்து விதை கொடுத்த பிறகே நிலத்தைக் கைமாற்ற முடியும். விதைப் பண்ணை என்று பெயர் வைத்துக்கொண்டு விதை எடுக்காமல் விடுவார்களா?

மாசி முதல் வாரத்தில் வீடுகள் மொட்டு வைத்தன. பிறகு ஜன்னல் மேலேயும் கைப்பிடிச் சுவரிலும் கொத்துக் கொத்தாகப் பூத்தன. யார் வீட்டில் கடைசியாக என்ன வெள்ளை அடித்தார்களோ அந்த நிறத்தில் பூ. புதுச் சிமெண்டில் தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த வாசனை. பெண்கள் முதலில் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பூ போனால் ஒரு காய் போகும் என்று பண்ணை மேனேஜர் சொன்னதும் விட்டுவிட்டார்கள். சாலைக்கு எதிரே இருந்த டீக்கடையின் மகரந்தம் கலந்துவிடும் என்பதால் கடையைப் பத்து மீட்டர் தள்ளி வைக்கச் சொன்னார்கள். கடைக்காரர் பெஞ்சை மட்டும் விட்டுவிட்டுக் கடையைத் தள்ளிக்கொண்டு போனார்.

நூற்றுப் பதினோரு வீடுகள் பூத்தன. தவமணியின் வீடு பூக்கவில்லை.

விதைச் சான்று அலுவலர் ரோஸ்லின் ஸ்கூட்டரில் வந்து வரிசை வரிசையாகப் பார்த்தார். தவமணியின் வீட்டுச் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

“இது கலவன் மாதிரி தெரியுதும்மா.”

விதை வயலில் மற்றப் பயிரோடு ஒத்துப்போகாமல் தனித்து நிற்பது கலவன். ஒன்று நின்றாலும் வயல் மொத்தமும் விதைக்கு ஆகாது, வேரோடு பிடுங்கிவிட வேண்டும். இதே பண்ணையில் இருபத்திரண்டு வருடம் கூலிக்குக் குனிந்து தவமணியே எத்தனையோ கலவனைப் பிடுங்கி வரப்பில் எறிந்திருக்கிறாள். எந்தக் கலவனும் அவளை நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“வெள்ளிக்கிழமை கடைசி ஆய்வு. அதுக்குள்ள பூக்கலேன்னா பிடுங்கித்தான் ஆகணும். இல்லேன்னா மத்தவங்க பட்டாவும் சேர்ந்து நின்னுரும்,” என்றார் ரோஸ்லின். அவர் நல்ல பெண்மணி. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றார்.

தேங்காய்ப் பாலும் புளித்த மோரும் கலந்து அடித்தால் கத்தரி பூக்கும், மிளகாய் பூக்கும். தவமணி ஒரு குடம் கரைத்துச் சுவர் முழுக்கத் தெளித்தாள். எறும்பு வந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வீட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏன் மதினி, வாசலுக்கு நிலையே வைக்காம வீட்டைப் பூக்கச் சொன்னா அது என்னத்தப் பூக்கும்?”

உண்மைதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இந்த வரிசையில் வீடுகள் எழும்பியபோது அன்றைய மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, “நிரந்தரமா எதுவும் வச்சுராதீங்க” என்று சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மறு வாரமே நல்ல நேரம் பார்த்து நிலை வைத்தார்கள். தலையை ஆட்டிவிட்டு அதன்படி நடந்தவர் தவமணியின் புருஷன் காசிலிங்கம் ஒருவர்தான். அரசாங்கத்துக்கு இப்படி ஒரு பிரஜை கிடைத்ததை அரசாங்கம் கடைசிவரை அறியவில்லை. அன்றிலிருந்து வாசலில் ஒரு தகரம், அதைக் கட்ட ஒரு கம்பி. மகள் கல்யாணத்துச் சீர்த்தட்டுகளும் அந்தத் தகரத்தைச் சாய்த்துப் பிடித்துத்தான் உள்ளே போயின.

“பட்டா வரட்டும், மறுநாளே வைக்கிறேன். வாக்குக் குடுத்திருக்கேன்ல?” என்றார் காசிலிங்கம்.

“யாருக்கு?” என்றாள் தவமணி.

“மேனேஜருக்கு.”

“அவரு ரிட்டயராகிப் பேரன் பேத்தி எடுத்துட்டாரு.”

தவமணி தகரத்தைத் தட்டிக் காட்டினாள்.

“இது எங்க வீடுன்னு நாமளே சொல்லலேன்னா அது எப்படிங்க தைரியமாப் பூக்கும்? எனக்கு ஆசையா இருக்குங்க. தலை குனிஞ்சு ஒரு நல்ல வாசல் வழியா உள்ள போகணும்னு பத்தொன்பது வருசமா ஆசையா இருக்கு.”

அவர் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் குறடை எடுத்துவந்து கம்பியை வெட்டினார்.

புதன்கிழமை காலை வேப்பமர நிலை வந்தது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து அடியில் போட்டார்கள். நூற்றுப் பதினோரு வீட்டுப் பெண்களும் குலவை இட்டார்கள். நிலையை நிமிர்த்தியதும் வீடு ஒரு பெருமூச்சு விட்டது. தெற்குச் சுவர் தன் சாய்வைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றது. மதியம் மொட்டு வைத்தது.

வியாழக்கிழமை அது பூத்த பூவை ஊரே வந்து பார்த்தது. பத்தொன்பது வருடப் பூவை அடக்கி வைத்திருந்த வீடு இடம் பொருள் பார்க்கவில்லை. கூரையில் பூத்தது, அம்மிக்கல்லில் பூத்தது, மின்சார மீட்டரில் பூத்தது, கொல்லையில் தூக்கிப் போட்ட தகரத்திலும் பூத்தது. ஒரு நாளும் வெள்ளை அடிக்காத வீடு என்பதால் எல்லாம் செங்கல் நிறம். தவமணி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அந்தோணியம்மாள் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. காசிலிங்கம் தோளில் விழுந்த பூக்களைத் தட்டிவிடாமல் அப்படியே கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை ரோஸ்லின் இதழ்களை எண்ணினார். “கொஞ்சம் பிந்திப் பூத்திருக்கு. ஆனா ரகம் ஒண்ணுதான். கலவன் இல்ல,” என்று நிலையில் விதைச் சான்றுக்கான நீல அட்டையைக் கட்டினார். கட்டியபோது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பங்குனியில் அறுவடை. புளியங்கொட்டை அளவில், பக்கத்துக்கு ஒரு ஜன்னலோடு, கெட்டியான விதை. கோணிகளில் கட்டி லாரியில் ஏற்றினார்கள். வீடில்லாத ஜனங்கள் ஏதோ ஒரு மாவட்டத்தில் உழுது போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்களாம். லாரி கிளம்பியதும் நிலம் கைமாறியது. பந்தல் போட்டு, தாசில்தார் பெயர் கூப்பிட்டுப் பட்டா கொடுத்தார். தவமணி அதை வாங்கி வந்து, வாசல் வழியாக உள்ளே போனாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். அன்று சமையல் தாமதமாயிற்று. யாரும் குறை சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அவள் துணி காயப்போடப் போனபோது, கொடிக்குக் கீழே சிந்திய விதை ஒன்று முழங்கால் உயரத்துக்கு வீடாகி நின்றது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. வாசலில் விரல் நீளத்தில் ஒரு குடும்பம் குளித்து முழுகிச் சுத்தமாக நின்றது. பெரியவர் ஒரு காகிதத்தை நீட்டினார். புளிய இலை அளவு இருக்கும். காசிலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“ஐயா, அம்மா அவர்களுக்கு, தங்கள் நிலத்தில் நாங்கள் மூன்று நாட்களாகக் குடியிருந்து வருவதால்...”

தவமணி ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிச் சாண் போட்டு அளந்தாள்.

“நாலு சாணுக்கு மூணு சாண். எழுதிக்கங்க,” என்றாள். பிறகு அந்த வீட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். “கொஞ்சம் கூடவே போட்டு எழுதுங்க. அவுக மாடு வச்சிருக்காக.”