நாற்பத்தொன்றாம் பக்கத்து ஸ்யாமளா

அறுபது வயது முடிகிறவர் சுயசரிதை எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அந்தத் தைரியத்தில் ஹாலாஸ்யம் நூற்றுத் தொண்ணூறு பக்கம் எழுதிவிட்டார். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு அதையும் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. தேங்காய் வேண்டுமென்றால் புத்தகத்தையும் சுமந்துதானே ஆக வேண்டும்!

மருந்துக் கம்பெனி, இன்ஷூரன்ஸ், ஆரப்பாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர், கடைசியாகக் காளான் வளர்ப்பு என்று அவர் கைவிட்ட தொழில்கள் நான்கு. நான்குமே அவருடைய அருமை தெரியாமல் கெட்டுப்போனவையாம். சிங்கப்பூர் பயணத்துக்குப் பதினொரு பக்கம். ஞாயிறுதோறும் கேமராவும் கையுமாகக் கீழக்குயில்குடி மலையேறிச் சமணப் படுகைகளைப் படமெடுத்த பொழுதுபோக்குக்கு இருபத்திரண்டு. இத்தனை தொழில்களுக்கும் நடுவில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அடுப்பை எரிய வைத்தவள் அவர் மனைவி ஸ்யாமளா. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிழை பார்க்க அவளிடமே கொடுத்தார். இரண்டே நாளில் ஒற்றெல்லாம் போட்டுத் திருப்பித் தந்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தாள்: 'அவ்வருடமே எனக்குத் திருமணமும் நடந்தது.'

"இதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்லை. அன்னிக்கு மணையிலே உங்க பக்கத்துல யாரு உக்காரப்போறா?"

"நீதான்! இதென்ன கேள்வி?"

"புஸ்தகத்துல அப்படி யாரையும் காணலையே. நான் வந்தவாளோட உக்காந்து சாப்பிட்டுட்டு, பையை வாங்கிண்டு போயிடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னால் செய்கிறவள். பத்திரிகை ஊர் பூராவும் போய்விட்டது. மணையில் மனைவி இல்லாமல் தாலியை யாருக்குக் கட்டுவது, காளானுக்கா?

அந்த நேரம் பார்த்து அச்சகத்து முகம்மது கனி போன் செய்தார். "சார், இன்னைக்கு மேட்டர் வந்தாத்தான் தேதிக்குள்ள முடியும். எம்புட்டு காப்பி போடணும்?"

"ஒரு அத்தியாயம் பாக்கி இருக்கு கனி. நாளைக்குத் தரேன்."

வெள்ளைத் தாளில் 'ஸ்யாமளா' என்று கம்பீரமாகத் தலைப்புப் போட்டார். அரை மணி நேரம் ஆகியும் தலைப்பு மட்டும்தான் இருந்தது. அவளுக்கு என்ன பிடிக்கும், எங்கே போக ஆசை, ஒன்றும் தெரியவில்லை. எந்தப் படுகையில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்பது மட்டும் மனப்பாடமாகத் தெரிந்தது. அவருக்கே வெட்கமாக இருந்தது.

பேனாவோடு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஸ்யாமளா, நீ எங்கேயாவது போகணும்னு ஆசைப்பட்டியா?"

அவள் கைவேலையை நிறுத்தினாள். "வண்டியூர் தெப்ப உற்சவத்துக்கு. ரெண்டு பேருமா. முப்பத்து மூணு வருஷமா ஒவ்வொரு தைக்கும் கேட்டிருக்கேன்."

பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

"அதை எழுதுங்கோ. மணையிலே உக்கார்றேன்."

சிங்கப்பூருக்குப் பதினொரு பக்கம் எழுதின கைக்கு அந்த ஒரு வரியை எழுதி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.