கம்பியில் ஒட்டிய செல்கள்

காரைக்குடி ஆய்வுக்கூடத்தில் நாகஜோதி செய்துகொண்டிருந்த கருவி தீப்பெட்டி அளவுதான். சர்க்கரைக் கரைசலில் கலந்த ரத்தத்தை அதற்குள் ஓடவிட்டு, மின்புலத்தைச் சரியான அதிர்வெண்ணில் வைத்தால், நல்ல செல்கள் ஓட்டத்தோடு போய்விடும். புற்றுநோய்ச் செல்கள் மின்கம்பியின் ஓரம் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் வளர்த்த புற்றுச் செல்களை நல்ல ரத்தத்தில் கலந்து, கருவி அவற்றைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கலப்பதற்கு முன் வெறும் ரத்தத்தை ஒருமுறை ஓட்டுவார்கள். அதில் எதுவும் ஒட்டக் கூடாது.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அந்த வெறும் ரத்தத்தைக் கொடுத்தவர் ஸ்டோர்ஸ் பார்க்கும் சேவுகப்பெருமாள். ஊசியைக் கண்டு மற்றவர்கள் நழுவும்போது, "எடுத்துக்கங்க தங்கச்சி, ஊறுற ரத்தந்தானே" என்று கை நீட்டுகிற மனிதர். அவர் ரத்தத்தில் சில செல்கள் போய்க் கம்பியில் ஒட்டின. மறுநாள் டெல்லியிலிருந்து ஒரு குழு கருவியைப் பார்க்க வருகிறது. பழைய சோதனையின் மிச்சமாக இருக்கும் என்று நாகஜோதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொருவரிடம் ரத்தம் வாங்கினாள். வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். படித்தவர்களை ஏமாற்ற ஆள் வேண்டியதில்லை, ஒரு நல்ல காரணம் கிடைத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் கருவிக்குள் ரத்தம் ஓடுகிற கம்பி பதித்த சிப்பை அன்று காலைதான் உறை பிரித்து எடுத்திருந்தாள். பழைய மிச்சம் அதில் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வி சோற்றில் கல்லாக அவ்வப்போது தட்டுப்பட்டது. விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

வருஷம் தவறாமல் பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிக்குக் காவடி எடுக்கும் சேவுகப்பெருமாள், இந்த முறை எடுக்கவில்லை. வேலைக்கும் வரவில்லை என்று கேட்டதும் நாகஜோதி காரை எடுத்துக்கொண்டு நாச்சியாபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினாள்.

சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். அவர் மனைவி துர்காதேவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"வாங்க தங்கச்சி. ஒண்ணுமில்ல, அசதிதான்."

"டாக்டரப் பாத்தீகளாண்ணே?"

"மாசியிலயே பாத்தேன். மதுரைக்குப் போயி என்னமோ டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன்." சிரித்தார். "எங்க தங்கச்சி மெசின்லயே ஓடுன ரத்தம் இது, கோளாறு இருந்தா அது சொல்லாம விட்டுருமான்னு கேட்டேன்."

நாகஜோதி வாய்மூடி இருந்தது இந்த வீட்டில் நல்ல சேதியாக இருந்திருக்கிறது.

"அண்ணே, அது நோயக் கண்டுபிடிக்கிற மெசின் இல்ல, இன்னும் சோதனையிலதான் இருக்கு. ஆனா அன்னிக்கு ஒங்க ரத்தத்துல கொஞ்சம் செல்லு கம்பியில ஒட்டுச்சு. என்னன்னு உறுதியாத் தெரியாது. நான் சொல்லாம விட்டுட்டேன். நீங்க நாளைக்கே மதுரைக்குப் போகணும்."

துர்காதேவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேவுகப்பெருமாள் ரத்தம் கொடுத்த தன் கையைப் பார்த்தார். பிறகு, நாகஜோதியைத் தேற்றுகிற குரலில் கேட்டார்.

"ஏதோ மெசின் கோளாறுன்னு நெனச்சுத்தானே விட்டீக?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவரே அவளுக்காகத் திறந்துவைத்த வழி.

"இல்லண்ணே. சிப்பு புதுசு. கோளாறா இருக்காதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். மறுநாள் ஆளுக வாராகன்னு மறைச்சுட்டேன்."

துர்காதேவி ஒரு பையை எடுத்து அவருடைய வேட்டி சட்டைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

"என் கார்லயே போயிரலாம்க்கா" என்றாள் நாகஜோதி.

துர்காதேவி திரும்பவில்லை. "மதுரைக்கு மொத பஸ் எப்பங்க?" என்று புருஷனிடம் கேட்டாள்.