மூன்றாவது சுவிட்ச்

...இல்லை, இது அப்பா காலத்து சுவிட்ச் இல்லை, அப்பா காலத்தில் இந்த ஃபியட்டில் இருந்தவை நாலே நாலு குமிழ்கள், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எது எதென்று சுந்தரராஜுலுவின் விரலுக்குத் தெரியும், இந்தக் கறுப்பு சுவிட்சுகளை யார் கேட்டார்கள்? பிரேக் பிடிக்கவில்லை, பார்த்துக் கொடு என்றுதானே கோவை கணபதியில் இருக்கும் மெக்கானிக் தம்பிதுரையின் பட்டறைக்கு அனுப்பினார், போன மாதம் திரும்பி வந்த வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இரண்டு சுவிட்சுகள் முளைத்திருந்தன, ஒன்று ஃபேனுக்காம், மற்றது போன் சார்ஜ் போடவாம். கேட்காததை ஒருவன் செய்து தருகிறான் என்றால் கேட்காமலே எதையோ எடுத்திருக்கிறான் என்றுதான் பொருள். கார்புரேட்டர் அதே கார்புரேட்டர்தானா... பானெட்டைத் தூக்கிப் பார்த்தார், பழையது மாதிரியேதான் இருக்கிறது, அப்படி அச்சுப் பிசகாமல் பழையது மாதிரி இருப்பதுதான் சந்தேகம். பிரேக்கைப் பற்றிக் கேட்டபோதும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே அல்லவா சொன்னான், சரி பண்ணிட்டேனுங்க ஐயா என்று? சரி பண்ணியவன் எதற்குத் தரையைப் பார்க்க வேண்டும்?

மற்ற நாளாக இருந்தால் போகட்டும் என்று விடலாம், இன்று விட முடியாது. இளைய மகள் பூஜிதாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டில் இன்று கை நனைக்கப் போகிறார்கள், இதுவரை அங்கே தண்ணீரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கவில்லை, இன்று இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. மகன் சித்தப்பா வீட்டாரை ஏற்றிக்கொண்டு பெரிய வண்டியில் முன்னால் போய்விட்டான், போகும்போது ஃபியட்ட இன்னிக்கு நானே ஓட்டறேனுங்கப்பா என்று நின்றான், இவர் முறைத்த முறைப்பில் நகர்ந்தான். அந்த வீட்டு வாசலில் இந்த வண்டி போய் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் இவர் கை இருக்க வேண்டும், அப்பாவுக்குப் பிறகு வேறு கை பட்டதில்லை. ஆனால் மாப்பிள்ளை வீடு சரவணம்பட்டியில்... போயும் போயும் அந்த சிக்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். பிரேக் பிடிக்காமல் ஸ்கூட்டரில் இடித்த சிக்னல், கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய பெண்ணொருத்தி முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, பெரியவரே பாத்து வரக்கூடாதுங்களா என்று கேட்ட இடம். பிரேக் போனால் யார்தான் என்ன செய்ய முடியும்?

வெற்றிலைத் தட்டை வண்டிக்குள் இடது பக்கத் தரையில் இறுக்கி வைக்கக் குனிந்தபோதுதான் கை பட்டது. டேஷ்போர்டுக்கு அடியில், பக்கத்தில் உட்காருகிறவர் முழங்காலுக்கு நேரே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னொன்று. மூன்றாவது. இதைப் பற்றி அவன் மூச்சே விடவில்லையே... வண்டியைக் கிளப்பினார், என்ஜின் நன்றாகப் பேசியது, எட்டிச் சாய்ந்து சுவிட்சைத் தட்டினார், சத்தம் அப்படியே நின்றுபோனது. திருப்பித் தட்டிவிட்டுச் சாவியைத் திருகினார், மறுபடி உயிர் வந்தது. தம்பிதுரைக்குப் போன் போட்டார், அவன் கொஞ்சம் இருமிவிட்டு, திருட்டுப் பயத்துக்குங்க ஐயா என்றான்.

"ஏனப்பா, திருட்டுக்குன்னா ஓட்டறவன் கைக்கல்ல எட்டோணும்? இது பக்கத்துல குக்கற ஆளுக்கல்ல எட்டுது."

தம்பிதுரை சுத்தியலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்கய்யா" என்றான், வைத்துவிட்டான்.

வீட்டில் என்ன கேட்பது, வீட்டில் யாரைக் கேட்பது... பக்கத்தில் உட்காருகிற ஆள். இந்த வீட்டில் மருமகள் மாமனாருக்குப் பக்கத்தில், முன் சீட்டில் உட்கார்ந்த வழக்கமே இல்லை, சாய்ப்ரியாவும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பின்னால்தான், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அப்படிப்பட்ட மரியாதைக்காரி. வண்டி பட்டறையிலிருந்து வந்த பிறகுதான் முன்னால் ஏறினாள். அத்தைக்கு முழங்கால் வலி, பின்னால் காலை நீட்டட்டும் என்றாள், அவரும் முகம் சுளித்துக்கொண்டே விட்டுவிட்டார், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான் அப்போதெல்லாம் கவலை. ஆனால் மருந்துக் கடைக்கு, நூலகத்துக்கு, மனைவி லட்சுமியம்மாள் வராத இடத்துக்கெல்லாம்கூட, மாமா நானும் வாரேனுங்க என்று... அப்போது யாருடைய முழங்கால்? அன்பு என்றல்லவா நினைத்தார், மாமனார்மேல் இவ்வளவு பிரியமா என்று மனைவியிடம் பெருமையாகக்கூடச் சொன்னாரே, லட்சுமியம்மாள் பதில் சொல்லாமல் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாளே, அவளுக்கும் தெரியுமா? மகனுக்கு? எல்லோரும் சேர்ந்து ஒரு பட்டறைக்காரன் முன்னால் இவர் மானத்தை...

"கெளம்பலாங்களா மாமா?"

பட்டுப்புடவையில் வந்து நின்றாள் சாய்ப்ரியா, லட்சுமியம்மாளைப் பின்னால் ஏற்றிக் காலுக்குத் தலையணை வைத்துக் கொடுத்தாள், பிறகு முன் கதவைத் திறந்து, வெற்றிலைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதோ கேட்டுவிடலாம். இறங்கு, பின்னால் போ என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் இறங்கிவிடுவாள், எதிர்த்துப் பேசத் தெரியாதவள், ஆனால் ஏன் என்று லட்சுமியம்மாள் கேட்பாள், அதற்கு ஒரு பதில் வேண்டும்... அவர் வண்டியை எடுத்தார்.

நன்றாகத்தான் ஓட்டினார், ஒரு குலுக்கல் இல்லை, அப்பா ஓட்டியது போலவே. ஓரக்கண் முழுக்க சாய்ப்ரியாவின் வலது கையிலேயே இருந்தது, அது தட்டின் விளிம்பில் சாதுவாக இருந்தது. சரவணம்பட்டி சிக்னல் தூரத்தில் தெரிந்ததும் அந்தக் கை மெல்ல இறங்கியது, டேஷ்போர்டுக்கு அடியில் போய் அசையாமல் நின்றது, முகம் மட்டும் நேரே சாலையைப் பார்த்தபடி, உதடு எதையோ முணுமுணுக்க... சாமி கும்பிடுகிறாளா? சிவப்பு விழுந்தது, முன்னால் ஒரு ஸ்கூட்டர். போடட்டும், தைரியம் இருந்தால் அமுக்கட்டும், பார்த்துவிடலாம்... அவர் காலை அழுத்தினார், வண்டி ஸ்கூட்டருக்கு ஒரு முழம் தள்ளி அடங்கி நின்றது. பார்த்தாயா என்று அவள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அழுத்துவதற்கு முன்னால், ஒரு கண நேரம், குனிந்து பார்த்துக்கொண்டார் அல்லவா, கால் பிரேக்மேல்தானா, ஆக்ஸிலேட்டர்மேலா என்று... எதற்காகப் பார்த்தார்?