பதினொன்றே காலுக்கு வாப்பா பேசியது

என் வாப்பா மவுத்தாகி, உயிர் போய் ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஒரு பொலிஸ்காரரைக் கெட்ட வார்த்தையால் ஏசினார் என்று கண்டி பொலிஸ் கோட்டில், நீதவானுக்கு முன்னால், சத்தியம் செய்து சொல்லப்பட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதோடு, அந்தப் பொலிஸ்காரர் தன் சொல்லில் உறுதியாக நிற்க வேண்டும் என்று மனதுக்குள் துஆவும் கேட்டேன். ஏன் என்று எழுதி வைக்கிறேன். அன்றைக்குக் காரில் இருந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான்.

முப்பத்திநாலாம் வருஷம் ஒக்டோபர் மாதம். வாப்பா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது மூச்சை விட்டார். டாக்டர் நேரத்தைப் பார்த்துச் சீட்டு எழுதித் தந்தார். எங்கள் வீடு அலவத்துகொடயில். அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிட வேண்டும். பிரேத வண்டி மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள். நானும் உம்மாவின் தம்பி லாபிர் மாமாவும் மார்க்கட் பக்கம் ஓடினோம். அங்கே வாடகைக் கார்கள் நிற்கும்.

நான்கு பேர் மறுத்துவிட்டார்கள். வாடகைக் காரில் மையத்து ஏற்றினால் லைசன்ஸ் போகும், மறியலில் போட்டு அடைப்பார்கள் என்றார்கள். ஐந்தாவது ஆள் மஹய்யாவ அழகர், முஸ்லிம் ஆட்களை எல்லாம் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுகிறவர். பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார்.

"ஒக்காந்து வருவாரா?" என்று கேட்டார்.

மாமாவுக்கு விளங்கவில்லை. "யாரு?"

"ஒங்க மச்சான்தான். ஒக்காந்து வந்தா அவரு பயணி. படுத்து வந்தாத்தான், நானா, பொணம்."

இப்படித்தான் வாப்பா உட்கார்ந்து வீட்டுக்குப் புறப்பட்டார். பின் சீட்டில் நான் இடப் பக்கம், மாமா வலப் பக்கம், நடுவில் வாப்பா. தலையில் தொப்பி. மாமா என்ன நினைத்தாரோ, வாப்பாவின் மூக்குக் கண்ணாடியையும் மாட்டிவிட்டார். ஆஸ்பத்திரியில் உடம்பைத் துடைத்த ஸ்பிரிட் வாசம் சட்டைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. உடம்பு இன்னும் விறைக்கவில்லை. வளைவு வந்தால் என் தோளில் சாய்ந்தார். சுவரில்கூடச் சாய்ந்து உட்காராத மனிதர் அவர்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் ஒரு கான்ஸ்டபிள் கையை நீட்டினார். பின் நம்பர்த் தகட்டில் சேறு மூடியிருந்ததாம். அழகர் காரை நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பக் கம்பி போட்டுச் சுழற்ற வேண்டும். கார் நின்ற இடத்திலேயே நடுங்கியது. உள்ளே இருந்த நாங்களும் நடுங்கினோம்.

அழகர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "செத்துட்டாருன்னு மட்டும் சொல்லிறாதீங்க. வீட்டுல ஆறு வாயி இருக்கு."

கான்ஸ்டபிள் சேற்றைப் பார்த்தார், எழுதினார். பிறகு தலையைப் பின் சீட்டுக்குள் நீட்டினார். "கவ்த மே?" என்று சிங்களத்தில் கேட்டு, வாப்பாவைத் தடியால் காட்டினார். யார் இது என்று.

என்ன பெயரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் மச்சானின் பெயரைக் குறைத்துச் சொல்ல மாமாவின் நாக்கு அன்றைக்கும் இடம் கொடுக்கவில்லை. "அகமது லெப்பை முஹைதீன், ராளாமி. அலவத்துகொடப் பள்ளிக்கு மூணு தரம் மரைக்காரா ஈந்தவரு" என்று பொலிஸ்காரரை மரியாதையாக விளித்து, பள்ளிவாசல் நிர்வாகப் பதவியில் தொடங்கி, வீட்டு விலாசம், பாக்குக் கடை, கடைக்கு எதிரே இருக்கிற பலாமரம் வரை சொல்லிவிட்டார். கான்ஸ்டபிள் பலாமரத்தைத் தவிர மற்றதை எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"அவர் வாயால சொல்ல ஏலாதா?" கான்ஸ்டபிள் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார். ஸ்பிரிட் வாசம் அவர் முகத்தில் அடித்தது. "குடிச்சா?"

எஞ்சின் நடுக்கத்தில் வாப்பாவின் தலை இரண்டு தரம் முன்னால் ஆடியது.

"அல்லாவே! அவரு தொட்டும் பாத்ததில்ல, ராளாமி" என்றார் மாமா.

"அவரே ஆமா சொல்றாரு. நீ எனத்துக்குப் பொய் சொல்ற?"

அதையும் எழுதிக்கொண்டு எங்களைப் போகவிட்டார். அஸருக்கு முன் வாப்பாவை அடக்கினோம். உம்மா இத்தாவில் உட்கார்ந்தார். இனி நான்கு மாதமும் பத்து நாளும் அவர் வாசல் தாண்ட மாட்டார்.

மூன்றாவது வாரம் வாப்பாவுக்குச் சம்மன் வந்தது. பொது இடத்தில் குடிவெறியில் இருந்தது, பொலிஸ் கேட்டதற்குப் பதில் சொல்லாதது, கெட்ட வார்த்தையால் ஏசியது என்று மூன்று குற்றம். பதில் சொல்லாதவர் எப்படி ஏசினார் என்று எழுதியவர் யோசிக்கவில்லை. அதே வாரம் அழகருக்கும் ஒரு சம்மன்: வாடகைக் காரில் பிரேதம் ஏற்றியது. யாரோ பொலிசுக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருந்தார்கள். கார் நம்பரும் திகதியும்தான் அதில் இருந்தன. யாருடைய பிரேதம் என்று இல்லை. பெட்டிசம் ஒரு சாஜனின், கான்ஸ்டபிளுக்கு மேல் அதிகாரியின், மேசையில். கான்ஸ்டபிளின் கொப்பி இன்னொரு மேசையில். கான்ஸ்டபிளை அதற்குள் கலகெதரப் பக்கம் மாற்றியிருந்தார்கள். இரண்டு மேசையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

கோட்டுக்குப் பக்கத்து மாடியில் லெட்சுமணன் என்ற யாழ்ப்பாணத்துப் புறக்டர், வழக்குப் பேசுகிறவர், இருந்தார். நாங்கள் மூன்று பேரும் அவரிடம் போனோம்.

"இதுல எனத்த ஈக்கி?" என்றார் மாமா. "டாக்டர்ட சீட்டக் காட்டினா சரிதானே. மவுத்தான மனுசன் குடிப்பாரா?"

"ஓம், காட்டலாம்" என்றார் புறக்டர். "உங்கட மச்சான் வெறிகாரன் இல்லை எண்டு காட்டின அடுத்த நிமிசம் அழகர் மறியலுக்குப் போவான்."

"காட்டாட்டி?"

"அழகர் தப்புவான். உங்கட மச்சான் வெறிகாரன். அஞ்சு ரூபாய் குற்றக்காசு கட்டிப்போட்டு வீட்ட போகலாம்."

"மூணு தரம் மரைக்காரா ஈந்த மனுசன்!" மாமா எழும்பியே விட்டார்.

அழகர் கதவோரம் குந்தியிருந்தார். "அவருக்கு லைசென்சு தேவையில்ல. எனக்குப் பேரு தேவையில்ல. நடுவுல ஏதாச்சும் வழி பாருங்க ஐயா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "வழி இல்லாட்டி, நானா, நீங்க ஒங்க வாப்பாவப் பாத்துக்குங்க. நான் கோவிக்க மாட்டேன்."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான்கு கார்க்காரர் முடியாது என்று சொன்ன பிறகு வந்த மனிதர் அவர்.

புறக்டர் வாப்பாவின் சம்மனை இரண்டு தரம் வாசித்தார். கெட்ட வார்த்தை என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார். "நடக்காததையும் சேர்த்து எழுதிப்போட்டான். வழக்குக்குப் பலம் எண்டு நினைச்சிருப்பான். அழகரின்ர வழக்கை முதல் கூப்பிட வைக்கிறன். தம்பி, நீர் வாய் திறக்கப்படாது. மாமாவையும் திறக்க விடாதையும்."

வழக்கு நாளில் அழகர், குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் எதிரிக் கூண்டில் நின்றார். சாஜன், அந்தக் காரை நிறுத்தியவர் என்று கேள்விப்பட்டு வரவழைத்த, கலகெதரயிலிருந்து அன்று காலைதான் வந்து சேர்ந்த கான்ஸ்டபிளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். அவர்கள் சிங்களத்தில் பேச, மொழிபெயர்க்கும் முதலியார் வெள்ளைக்கார நீதவானுக்கு இங்கிலீஷிலும் எதிரிக்குத் தமிழிலும் சொன்னார்.

"அந்தக் காரில் ஒரு பிரேதத்தைக் கண்டீரா?"

கான்ஸ்டபிள் சாஜனை ஆச்சரியமாகப் பார்த்தார். "இல்லை."

"நன்றாக யோசித்துச் சொல்லும்."

"காரில் ஒரு வெறிகாரன்தான் இருந்தான்."

சாஜனின் முகம் மாறியது. லெட்சுமணன் எழும்பினார். புறக்டர்மார் எழும்புவது கான்ஸ்டபிளின் கொப்பியைக் கிழித்துப் போடத்தான். இவர் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு எழும்பினார்.

"இந்தக் கொப்பியில் பொய் ஏதும் எழுதியிருக்கிறீரா?"

"ஒரு எழுத்தும் இல்லை."

"நடுவில் இருந்தவர் பேசினாரா?"

கான்ஸ்டபிள் கொப்பியைப் பார்த்தார். பேசவில்லை என்றால் கொப்பி பொய். "பேசினார்."

"எத்தனை மணிக்கு?"

"பதினொன்றே காலுக்கு."

"மெதுவாகவா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி."

வாப்பா கடையில் ஆள் கூப்பிட வேண்டுமென்றால் கல்லாப் பெட்டியில் மோதிரத்தால் தட்டுவார். அவ்வளவுதான் அவருடைய சத்தம்.

"பேசியது மட்டும்தானா?"

"இறங்கி என்னை அடிக்க வந்தார். மற்ற இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள்."

நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தது உண்மை.

"அப்படியானால் அவர் பிரேதமாக இருந்திருக்க முடியாது?"

"பிரேதம் என்னை நாயின் மகனே என்று சொல்லுமா?" என்று கான்ஸ்டபிள் திருப்பிக் கேட்டார். கோடு முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் மாமா எழும்பினார். நான் அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்தேன், காலை மிதித்தேன். அவர் உட்காரவில்லை. நீதவான் பேனாவை வைத்துவிட்டார். இந்த மனிதர் யார், என்ன சொல்ல விரும்புகிறார் என்று முதலியார் கேட்டார்.

"காரில் இருந்தவர்களில் ஒருவராம்" என்றார் சாஜன், எங்கிருந்தோ ஒரு கயிறு கிடைத்த மாதிரி. "பேசவில்லை என்கிறாரா? கேளுங்கள்."

அழகர் கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா அவரைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். மாமா பொய் சொல்லி நான் கண்டதில்லை. கடையில் புழுத்த பாக்கைப் புழுத்த பாக்கென்று சொல்லி விற்கிறவர்.

"அந்த மனுசன் பேசினத்த நான் கேக்கல்ல, தொரை" என்றார்.

சாஜன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"எனக்கு எடப் பக்கக் காது கேக்காது" என்றார் மாமா.

நீதவான் கேட்டதை முதலியார் சொன்னார்: "அவர் உமக்கு எந்தப் பக்கம் இருந்தார்?"

"எடப் பக்கம்."

இரண்டும் சத்தியமான உண்மை. மாமா உட்கார்ந்து தோளில் கிடந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

காரில் இருந்தவர் உயிரோடு இருந்தார், உரத்த குரலில் பேசினார் என்று பொலிஸ் சாட்சியே சொல்வதால் பிரேதம் ஏற்றிய குற்றம் நிற்காது என்று நீதவான் எழுதினார். அழகரை விட்டு, லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அழகர் கூண்டிலிருந்து இறங்கி, சுவரோரமாகப் போய் நின்றார். எங்கள் பக்கம் வர அவருக்குப் பயம்.

அடுத்த வழக்கு. கோட்டுச் சேவகன் வாசலில் போய் வாப்பாவின் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டான். மூன்றாவது தரம் நானும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். லெட்சுமணன் டாக்டரின் சீட்டை மேலே கொடுத்தார்.

நீதவான் அதை வாசித்தார். திகதியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார், அது ஏனோ தெரியாது. கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"மிஸ்டர் லெட்சுமணன், இவர் உயிரோடு இருந்தார் என்று அரை மணித்தியாலத்துக்கு முன் என்னை எழுத வைத்தீர்."

"இல்லை, கனம் நீதவான் அவர்களே. அது பொலிஸ் சொன்னது. அவரைப் பற்றி நான் சொல்லும் முதல் வார்த்தை இந்தச் சீட்டுத்தான்."

"முந்திய தீர்ப்பை நான் அழிக்க முடியாது."

"முடியாது" என்றார் லெட்சுமணன், மிகவும் வருத்தமாக.

நீதவான் வெகு நேரம் எழுதினார். எதிரி அன்று காலை பத்து மணிக்கு முன்பே இறந்தவர். ஆகவே பதினொன்றே காலுக்கு அவர் குடித்திருக்கவும் ஏசியிருக்கவும் இடமில்லை. ஒரே காரில், ஒரே சீட்டில், ஒரே நேரத்தில், வாப்பா முதல் வழக்கில் உயிரோடும் இரண்டாம் வழக்கில் மவுத்தாகியும் இருந்தார். இரண்டுக்கும் ஒரே கையெழுத்து. கான்ஸ்டபிளைத் தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டு நீதவான் பேனாவை மூடினார்.

முதலியார் பழக்கத்தில் வெறும் கூண்டைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "எதிரி விடுதலை. நீர் போகலாம்."

சேவகனும் பழக்கத்தில் கூண்டின் கதவைத் திறந்தான். ஒரு வயசான மனிதர் இறங்கி வர எடுக்கும் நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சாத்தினான். யாரும் சிரிக்கவில்லை.

அழகரே எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். உம்மா உள் கதவுச் சீலைக்குப் பின்னால் வந்து நின்றார். வாப்பாவின் பெயரில் ஒரு கடதாசி வந்திருக்கிறது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"கோட்டுல அவரப் பத்தி எனத்தயாம் சென்ன?"

வரும் வழியெல்லாம் இதற்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். "போகலாமெண்டு சென்னாங்க, உம்மா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உம்மா. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "காரு கொண்டந்த மனுசன் வெளிய நிக்கிறாரா? சோறு திண்டுட்டுப் போகச் செல்லு" என்றார்.

அழகர் லைசன்ஸைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.