ஆமென் வந்த அழைப்பு

டயர் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் ஜெப அறை. கீழே காற்றடிக்கிற இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும். மேலே நாங்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களுக்காகப் போனில் ஜெபிப்போம். ஊழியம் என்று பெயர், எனக்கு அது சம்பளம். என் மேசையைச் சுற்றியுள்ள பலகைத் தடுப்பில் வசன அட்டைகளைப் பிரச்சினை வாரியாக ஒட்டியிருக்கிறார்கள்: வேலை, வியாதி, கல்யாணம், குடி. எனக்கு அட்டையே தேவையில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. கூப்பிட்டவர் வாயிலிருந்து 'ஆமென்' வராமல் போனை வைக்கக் கூடாது. அது அண்ணனின் கண்டுபிடிப்பு. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் மேற்பார்வையாளர். சபையில் எல்லோருக்கும் அவர் அண்ணன், எனக்கு மட்டும் தலைவலி. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எங்கள் பேச்சை ஒட்டுக் கேட்பதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'மேய்ப்பு'.

என் வீட்டுக்காரர் சிறுநீரகம் கெட்டு, போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். "உன் விசுவாசம் பத்தலைம்மா" என்று அடக்கத்தன்றே என்னிடம் சொன்னவர் இந்த அண்ணன்தான். அதன்பிறகு வீட்டில் எனக்கு ஜெபம் வரவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீருக்குப் பதில் புஸ்ஸென்று காற்று வருமே, அப்படி. இங்கே வந்து உட்கார்ந்தால் மட்டும் கடகடவென்று கொட்டும். அந்தப் பொய் எனக்கே சகிக்கவில்லை. அன்றைக்கு வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தேன். வேலையை மட்டுமில்லை, ஆண்டவரையும்.

மதியத்துக்கு மேல் ஓர் அழைப்பு வந்தது.

"ஸ்தோத்திரம், சொல்லுங்கம்மா."

"ஸ்தோத்திரமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். திட்டத்தான் போன் பண்ணேன்."

கரகரத்த பெண் குரல். என்னைவிட வயதில் மூத்தவளாகத் தெரிந்தது.

"என் வீட்டுக்காரர் பக்கவாதத்துல படுத்திருக்காரு. போன மாசம் ஒரு கட்டைக்குரல் ஆளு ஜெபம் பண்ணான். மாசம் முடியறதுக்குள்ள எழுந்து நடப்பாரு, ஆண்டவரே எங்கிட்ட சொன்னாருன்னான். நானும் பைத்தியக்காரி மாதிரி அவர் செருப்பைத் தொடைச்சு வாசல்ல வச்சேன். இன்னிக்குக் காலையிலயும் நான்தான் புரட்டிப் போட்டுக் கழுவினேன். எங்க அவன்? கூப்பிடு!"

அந்தக் கட்டைக்குரல் யாருடையது என்று எனக்கா தெரியாது? திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன், 'ஜெபித்து முடி' என்று கையைச் சுழற்றினார்.

வழக்கம்போல் ஆரம்பித்தேன். "அன்பின் ஆண்டவரே, நீர் இந்தச் சகோதரியின் கண்ணீரை அறிந்திருக்கிறீர்..."

"நிறுத்துடி. நீராம், அறிந்திருக்கிறீராம்! உன் புருஷன்கிட்ட இப்படித்தான் பேசுவியா?"

"எனக்குப் புருஷன் இல்ல. செத்துட்டாரு."

அவள் குரல் இறங்கியது.

"ஜெபம் பண்ணியா?"

"தொண்டை வத்துற வரைக்கும்."

"அப்புறம் ஏன் இன்னும் அங்க உக்காந்திருக்க?"

"தெரியல."

அந்த அறையில் சொல்லவே கூடாத வார்த்தை அது. அண்ணன் கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். 'ஆமென் வாங்கு' என்று வாயசைத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏய், கேக்குதா?" என்றேன். கண்ணை மூடவில்லை. "உன்னைத்தான். எங்க போய்த் தொலைஞ்ச நீ? இந்தம்மா ஒத்தையா ஒரு ஆளைப் புரட்டிப் போட்டுக் கழுவுறாங்க, ஒரு கை பிடிக்க உனக்கு நேரமில்லையா? என் வீட்டுக்காரரை எடுத்துக்கிட்ட. ஏன்னு ஒரு வார்த்தை சொன்னியா? உன் பேரைச் சொல்லி உன் ஆளுங்க பொய் சொல்றாங்க, அதையும் பாத்துக்கிட்டு சும்மா இருக்க. நாங்க ஓஞ்சு போயிட்டோம். வா. வந்து பக்கத்துல நில்லு. எங்களால முடியல."

மாதக்கணக்கில் வராதது திட்டாக வந்தது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஆமென்" என்றாள் அவள், அறைவது போல. பிறகு, "நாளைக்கும் இருப்பியா?"

"இருப்பேன்." யோசிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

போனை வைத்ததும் அண்ணன் பாய்ந்து வந்தார்.

"ஆண்டவரைப் போய் நீன்னு சொல்ற! ஏய்ங்கிற! அவர் என்ன உன் வீட்டு வேலைக்காரனா? மன்னிப்புக் கேளு. நீர்னு மாத்தி ஜெபிச்சுக் காட்டு. இல்லன்னா இப்பவே கெளம்பு!"

கதவை வேறு திறந்து பிடித்தார். கிளம்பத்தான் காலையிலேயே தயாராக வந்திருந்தேன். இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

"இத்தனை நாளா நீர், நீர்னுதான் பேசினேன்ண்ணே. எதிர்ல ஆள் இருக்கற நெனப்பே இல்லாம பேசினேன். நீர்னு சொல்லி யாரோடயும் சண்டை போட முடியாது. எனக்கும் அவருக்கும் இன்னிக்குத்தான் சண்டையே ஆரம்பிச்சிருக்கு. நான் போக மாட்டேன்."

"திமிரா?"

"ஆமா. அந்தம்மாவுக்கு நீங்க போன் பண்ணுங்க. ஆண்டவர் ஒண்ணும் சொல்லல, நானாத்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

அண்ணனின் முகம் வெளுத்தது. அறையில் மற்றவர்கள் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்தார்கள். என்னுடையதைப் பிடுங்க அவர் கையை நீட்டினார். நானே கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டு, திரையில் இருந்த அந்தம்மாவின் எண்ணை அழுத்தினேன். அவர் கழற்றவில்லை. நெற்றியில் வியர்வை கோத்தது. மணி அடிப்பது எனக்கும் லேசாகக் கேட்டது.

பாவமாகக்கூட இருந்தது. "கூட இரு" என்று முணுமுணுத்தேன்.

"யாரைச் சொல்ற?" என்றார் அண்ணன்.

"உங்களை இல்ல."