முதலில் கழித்த குரல்

“கழி, அண்ணே. அடுத்ததையும் கழி.”

மிகியோங் உட்காரவே இல்லை. கியூசோப்பின் தோளுக்குப் பின்னால் நின்று திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். கொரியாவின் தேஜோன் நகரத்தின் மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

முந்தாநாள், புதுக் கைப்பேசிகளின் சோதனை வண்டி மலைப்பாதையில் உருண்டது. ஓட்டிப்போன இன்ஹோவை இன்று காலைதான் கண்டெடுத்தார்கள், கையில் கைப்பேசியோடு, உறைந்துபோய். உருண்ட பிறகும் வெகுநேரம் உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். துக்க மண்டபத்தில் கணவனின் படத்துக்கு முன்னால் உட்கார வேண்டிய மிகியோங் நேராக இந்த ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். அவளும் இங்கே என்ஜினியர்தான். அவன் கடைசியாக ஏதாவது பேசினானா? அது தெரிந்தாக வேண்டும்.

கைப்பேசிக் கோபுரம் அன்று வாங்கிய சிக்னலெல்லாம் நாடாவில் பதிவாகியிருந்தது. ஒரே அலைவரிசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் புது முறை, ஆளுக்கொரு குறியீடு. பக்கத்தில் ஒருவர் கத்தினால் தூரத்து முனகல் மூழ்கிப்போகும். அதற்காகவே கியூசோப் கோபுரத்துக்குப் புது ரிசீவர் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தான். பலத்த குரலை முதலில் பிடித்து மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். பிறகு அடுத்ததை. முதல் குரலை, அவள் வருவதற்குள்ளேயே அவன் கழித்துவிட்டிருந்தான்.

“உன் ரிசீவர் ஆமைன்னு இன்ஹோ சொல்லுவான். சரியாத்தான் இருக்கு.”

“அவன் ஓட்டற வேகத்துக்கு அவன் என்னைச் சொல்றானா?” என்றவன், சட்டென்று திரைப்பக்கம் திரும்பி அடுத்த குரலையும் கழித்தான்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“…மிகியோங், பாலத்துக்குக் கீழ கிடக்கேன். கால் மாட்டிக்கிச்சு. சோதனை போன்தானே, பேசறதெல்லாம் போய்க்கிட்டே இருக்கும். கேக்குதா? கோவமா இருந்தாலும் ஒரு வார்த்தை பேசு. குளிருது.”

அவள் ஒலிபெருக்கியின் மேல் கையை வைத்தாள், சூடு பார்ப்பதுபோல.

“ஏன் அன்னிக்கு யாருக்கும் கேக்கல?”

“கோபுரத்துப் பக்கத்துல இன்னொரு சோதனை போன். முழு சக்தியில. சக்தியைக் குறைக்கச் சொல்ற பகுதியை நாம இன்னும் மாட்டலை.”

“எந்த முட்டாள் அது? போடு, கேக்கலாம்.”

“வேணாம்மா. நீ மண்டபத்துக்குப் போ.”

அவள் குனிந்து, முதலில் கழித்த குரலின் பொத்தானைத் தானே அமுக்கினாள். துல்லியமாக வந்தது, பக்கத்தில் நின்று பேசுவதுபோல, மிகியோங்கின் குரல்.

“இன்ஹோ, கோபுரத்துக்குக் கீழயே வந்து நிக்கறேன், இங்கதான் சிக்னல் நல்லா இருக்கும். நீ எடுக்கற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்.”