நடுவில் நிற்பவன்

"கழுவின கையோட நிக்காதே கிராண்ட். கொஞ்சம் மண்ணைப் பூசு."

குழாயடியில் அப்போதுதான் கை கழுவியிருந்த கிராண்ட், அம்மா நோரீன் சொன்னதும் மறுபடி குனிந்து ஈரமண்ணைத் தேய்த்துக்கொண்டு பூண்டுக் கொத்தைத் தூக்கிப் பிடித்தான். ஞாயிறுதோறும் இந்தப் படப்பிடிப்புக் கூத்துதான். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இவர்களுடைய இயற்கைக் காய்கறிப் பெட்டியை வாங்குகிறவர்களுக்கு ஃபோனில் தெரிகிற மண் என்றால் உயிர். கொத்து சரிந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி நெனிதா அதைத் தாங்கக் கையை நீட்டினாள்.

"உன் கை வேண்டாம் நீனா. குடும்பப் பண்ணைன்னு போட்டிருக்கோம். அந்தக் கையைப் பாத்தா கூலிக்கு ஆள் வச்சிருக்கோம்னு நினைப்பாங்க. தப்பா எடுத்துக்காதே," என்றாள் நோரீன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று சேர்த்துவிட்டால் அந்த வீட்டில் எதையும் சொல்லலாம். பிலிப்பைன்ஸில், இலோய்லோவில் ஊரார் கல்யாணங்களைப் படம்பிடித்துப் பிழைத்தவள் அவள். இங்கே வந்ததும் பேரையே நறுக்கி நீனா ஆக்கிவிட்டார்கள். கையை விட்டுவைத்ததே பெரிது.

இப்போது அவளுக்கே ஒரு படம் வேண்டியிருந்தது. கிராண்டின் மனைவி என்கிற விசா கிடைக்காவிட்டால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். "கல்யாணப் படம் மட்டும் போதாது. இங்க நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற படம் கொண்டாங்க. திருத்தினது, அழிச்சது எதுவும் ஆகாது," என்று வக்கீல் சொல்லிவிட்டார். பண்ணையில் அவள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் கோழிக்குக்கூட இடம் இருந்தது, அவளுக்கு இல்லை. தேடித் தேடி ஒன்றே ஒன்று அகப்பட்டது. பூண்டு பிடுங்கிய நாளில் கேமராவை வேலிக்கம்பத்தில் வைத்து, அது தானாக எடுக்கும்படி விட்டு, ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்று எடுத்தது. கிராண்ட் வாய்விட்டுச் சிரித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிப் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் அதைக் காட்டினாள். கிராண்ட் படத்தைப் பெரிதாக்கினான். அவள் முகத்தை அல்ல, பின்னால் இருந்ததை.

"இது நீதானேடா?"

தம்பி டேல் எட்டிப் பார்த்தான். படத்தில் இருவர் தலைக்கும் நடுவே, ஆப்பிள் வரிசையில், முதுகில் நீலத் தெளிப்பானோடு அவன். களைக்கொல்லி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பம் அது. விஷயம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

"அழி," என்றாள் நோரீன்.

"எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்," என்றாள் நெனிதா. "வக்கீல் மட்டும்தான் பாப்பார்."

"இன்னிக்கு வக்கீல், நாளைக்கு ஆபீஸு, நாளன்னிக்கு ஊரு. இயற்கைப் பண்ணைங்கற பேர் போச்சுன்னா மண்ணைத்தான் திங்கணும்."

"ஓரத்தை வெட்டலாமே?" என்றான் டேல்.

"நீ ஓரத்துல நிக்கல டேல். உன்னை வெட்டணும்னா எங்களைத்தான் பிரிக்கணும்."

டேல் இளித்தான். தெளிக்க இன்னும் மிச்ச வரிசை கிடக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். நெனிதா கணவனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லமாட்டானா?

"வேற எடுத்துக்கலாம் நீனா," என்றான். அவனேதான் அழித்தான்.

நோரீன் பெரிய மனசு பண்ணி, தானே எடுத்துத் தருவதாகக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவளுடைய மூக்குக்கண்ணாடி சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. வீட்டு வாசலில், தோட்டத்துக்கு முதுகு காட்டி இருவரையும் நிறுத்தினாள். "கிட்டப் போடா, கடிச்சிடவா போறா? கையைப் போடு. நீனா, சிரி. பொண்டாட்டி மாதிரி சிரி."

நெனிதா சிரித்தாள்.

"நல்லா வந்திருக்கா பாரு," என்று கேமராவை நீட்டினாள் நோரீன்.

படத்தில் கிராண்டின் கை நெனிதாவின் தோளில் படவில்லை. அடுப்பு சூடாகிவிட்டதா என்று பார்க்கிறவன் மாதிரி ஒரு விரல் உயரத்தில் நின்றது. இருவர் தலைக்கும் நடுவே, தூரத்தில், விரல்நகம் அளவுக்கு டேலின் முதுகும் நீலத் தெளிப்பானும் துல்லியமாக விழுந்திருந்தன.

"ரொம்ப நல்லா வந்திருக்கு," என்று நெனிதா லென்ஸை மூடினாள்.